மலைக்காட்டு வாவல்

தென்காசி மாவட்டத்தின் வடபகுதியில், சிவகிரிக்கும் வாசுதேவநல்லூருக்கும் அண்மையில் அமைந்துள்ள ஊர் இராயகிரி. அதன் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை நீலச் சுவரென நீண்டு நிற்கின்றது. அம்மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் அடிவாரத்துக் குளங்களை நிரப்புகின்றன. குளத்து நீர் வயல்களையும் தோப்புகளையும் வளர்க்கின்றது. ஞாயிறு மலைக்கு அப்பால் மறைந்து, பறவைகள் கூடடைந்தபின், வேறு ஓர் உயிரினம் வானத்தில் உலவத் தொடங்குகின்றது. ஓசையின்றிச் சிறகடித்து, அத்தி மரத்தையும் இலுப்பை மரத்தையும் நாடிச் செல்லும் அவ்வுயிரினமே வாவல் ஆகும்.

வாவல் என்பது பழந்தமிழ்ப் பெயர். அதனையே வௌவால் என்றும் வழங்குகின்றோம். சிறியதொரு வகைக்குத் துரிஞ்சில் என்னும் பெயரும் உண்டு. பறத்தலால் வாவலைப் பறவை என மயங்குவோர் உளர். ஆயினும் அது பறவை அன்று. அதற்கு இறகு இல்லை, அலகு இல்லை, அது முட்டை இடுவதும் இல்லை. உடல் முழுதும் மயிர் போர்த்திருக்கும். குட்டி ஈன்று பாலூட்டி வளர்க்கும். எனவே, அது பாலூட்டி இனத்தைச் சேர்ந்தது. பாலூட்டிகளுள் உண்மையாகவே சிறகடித்துப் பறக்க வல்லது வாவல் ஒன்றே. அதன் சிறகு என்பது கைவிரல்களுக்கு இடையே விரிந்த மெல்லிய தோலேயாகும். குடையின் கம்பிகள் துணியைத் தாங்குவதுபோல், நீண்ட விரலெலும்புகள் அத்தோலைத் தாங்குகின்றன. பெருவிரல் மட்டும் தோலில் அடங்காது, நகத்துடன் வெளியே நீண்டிருக்கும்.

தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களின் இளமைப் பெயர்களை வகுத்துக் கூறுகின்றது. பறப்பவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் பெயர்களை அது உரிமையாக்கும். வாவலும் பறப்பதே. எனினும், வாவற்குட்டி என்று கூறுவதே இன்றைய உலக வழக்கு. தாயின் மார்பைப் பற்றிக்கொண்டு பால் அருந்தும் உயிரைக் குட்டி என்று அழைப்பது, அறிவியல் கூறும் உண்மையோடு எவ்வளவு அழகாகப் பொருந்துகின்றது!

உலகில் 1,400-க்கு மேற்பட்ட வாவல் இனங்கள் உள்ளன. பாலூட்டி இனங்களை ஐந்து பங்காக்கினால், ஏறத்தாழ ஒரு பங்கு வாவல்களே எனலாம். இவற்றுட் பெரும்பாலானவை பூச்சிகளை உண்பவை. அவை இருளில் வழியறியும் முறை வியப்பிற்குரியது. 1793-ஆம் ஆண்டளவில், இத்தாலிய அறிஞர் ஸ்பல்லன்சானி என்பார், கண்ணிழந்த வாவல்களும் இடையூறின்றிப் பறப்பதைக் கண்டார். காரணம் விளங்காது திகைத்தார். அதனை விளக்க ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. 1938-இல் அமெரிக்க நாட்டில் டொனால்டு கிரிபின் என்னும் மாணவர், வாவல்கள் மனிதர் செவிக்கு எட்டாத கூரிய ஒலிகளை எழுப்புகின்றன எனக் கருவிகளின் துணையால் அறிந்தார். அவ்வொலி எதிரிலுள்ள பொருளில் மோதி எதிரொலியாகத் திரும்புகின்றது. அதனைக் கேட்டே பூச்சியுண்ணும் வாவல் வழியையும் இரையையும் அறிகின்றது.

பழம் உண்ணும் வாவல்களோ பெரும்பாலும் இம்முறையை மேற்கொள்வதில்லை. அவற்றின் கண்கள் பெரியவை. மங்கிய ஒளியிலும் நன்கு காணக்கூடியவை. மோப்ப ஆற்றலும் மிகுதி. கனிந்த பழத்தின் மணத்தைத் தொலைவிலிருந்தே அவை உணர்ந்துகொள்ளும். முகம் நாயின் முகத்தை ஒத்திருக்கும். இவ்வகையைப் பழந்தின்னி வாவல் என்பர். ஊர்ப்புறத்து ஆலமரங்களில் நூற்றுக்கணக்கில் தலைகீழாகத் தொங்குவது பெரிய பழந்தின்னி வாவல். சிறகை விரித்தால் அதன் அகலம் 4 அடியளவு இருக்கும். இதனினும் மிகச் சிறியது குறுமூக்கு வாவல். திருநெல்வேலிச் சீமையில் ஊர்தோறும் இதனைக் காணலாம்.

குறுமூக்கு வாவல் தனக்கென இல்லம் அமைத்துக்கொள்ளும் இயல்பினது. பாளையங்கோட்டையைச் சார்ந்த ஆராய்ச்சியாளர்கள் இதனைக் கூர்ந்து நோக்கி, 1995-இல் தம் ஆய்வை வெளியிட்டனர். நெட்டிலிங்க மரத்தின் இலைக் கொத்துகளையும், படர்கொடியின் தண்டுகளையும் ஆண் வாவல் கடித்துக் கடித்துக் கூடாரம் போன்ற உறைவிடத்தை அமைக்கின்றது. கூந்தற்பனையில் சரஞ்சரமாகத் தொங்கும் காய்க்குலையின் நடுச்சரங்களை மட்டும் அறுத்து நீக்கி, மணியின் உட்புறம் போன்ற குழிவை உண்டாக்குவதும் உண்டு. பெண் வாவல்கள் அங்கு வந்து தங்கிக் குட்டிகளைப் பேணுகின்றன. "வௌவால் வீட்டுக்கு வௌவால் விருந்து போனால், நீயும் தொங்கு, நானும் தொங்கு" என்பது பழமொழி. அப்பழமொழியைக் கூறி நகைப்போர், அவ்வீட்டைக் கட்டிய உழைப்பையும் அறிந்திருத்தல் நன்று.

எங்கும் காணப்படும் இக்குறுமூக்கு வாவலின் பெயரைத் தாங்கி, முற்றிலும் வேறான ஓர் அரிய வாவல் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மறைந்து கிடந்தது. அதன் வரலாறு மேகமலையில் தொடங்குகின்றது.

மேகமலை இன்றைய தேனி மாவட்டத்தில் உள்ளது. இராயகிரிக்கு வடக்கே, அதே மலைத்தொடரில் அமைந்தது. அங்கே தோட்டத் தொழிலில் ஈடுபட்டிருந்த ஆங்கஸ் ஹட்டன் என்பார், இயற்கை ஆராய்ச்சியில் பேரார்வம் உடையவர். தாம் கண்ட விலங்குகளையும் பறவைகளையும் குறித்து வைப்பது அவர் வழக்கம். 1948-இல், ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில், காப்பித் தோட்டம் ஒன்றில் வாவல் ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதனைப் பதப்படுத்திப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பினார். 1883-இல் தோன்றிய அக்கழகம், இந்திய நாட்டு உயிரினங்களின் உடல்களைத் தொகுத்துப் பாதுகாத்து வருவதாகும். அங்கே அவ்வாவல் குறுமூக்கு வாவல் எனக் கருதப்பட்டது. அப்பெயர் எழுதிய சீட்டுடன் பேழையுள் வைக்கப்பட்டது. அளவிலும் நிறத்திலும் அது குறுமூக்கு வாவலைப் பெரிதும் ஒத்திருந்தமையால், எவர்க்கும் ஐயம் எழவில்லை.

1970-இல் கிட்டி தொங்லொங்யா என்னும் அறிஞர் அவ்வுடலை ஆராய நேர்ந்தது. அவர் தாய்லாந்து நாட்டினர். வாவல் ஆராய்ச்சியில் தேர்ந்தவர். சீட்டில் எழுதியிருந்த பெயரை அவர் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை, வாவலையே நோக்கினார். குறுமூக்கு வாவலுக்குச் சிறிய வால் உண்டு. இதற்கோ புறத்தே வால் இல்லை. குறுமூக்கு வாவலின் தாடைகளில் முன்புறத்தே இரண்டிரண்டு இணை வெட்டுப்பற்கள் உண்டு. இதற்கோ ஒவ்வோர் இணையே இருந்தது. மண்டை ஓட்டின் அமைப்பும் மாறுபட்டிருந்தது. இது புதிய இனம் என்பதோடு, இதுகாறும் அறியப்பட்ட எந்தப் பேரினத்திலும் அடங்காதது என்பதும் அவருக்குப் புலனாயிற்று. 1972-இல் அவ்வுண்மையை அவர் வெளியிட்டார். பேரினத்திற்கு 'லாட்டிடென்ஸ்' எனப் பெயரிட்டார். இலத்தீன் மொழியில் அகன்ற பல் என்பது அதன் பொருள். சிற்றினத்திற்கு இந்தியப் பறவையியல் அறிஞர் சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். அதனால் அது சலீம் அலி பழந்தின்னி வாவல் எனப்படுகின்றது. அப்பேரினத்தில் அஃது ஒன்றே உள்ளது.

சலீம் அலி (1896–1987) பம்பாயிற் பிறந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்து, மாமனின் ஆதரவில் வளர்ந்தவர். சிறு வயதில் அவர் வீழ்த்திய சிட்டொன்றின் கழுத்து மஞ்சள் நிறமாக இருந்தது. அதன் பெயரை அறிய விரும்பிப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை அடைந்தார். அந்நாள்முதல் பறவைகளை அறிவதே அவர் வாழ்க்கைப் பணியாயிற்று. 1933-இல் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளின் பறவைகளை ஆராய அவர் தென்னகம் வந்தார். இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ள செங்கோட்டை, அந்நாளில் திருவிதாங்கூர் நாட்டைச் சேர்ந்திருந்தது. 1976-இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கியது. ஒரு பறவையின் பெயரை அறிய வேட்கை கொண்டவரின் பெயர், பெயரின்றிக் கிடந்த ஒரு வாவலுக்கு வாய்த்தது மிகப் பொருத்தமே.

கிட்டி தொங்லொங்யாவின் வாழ்நாள் நெடியதாக அமையவில்லை. 1973-இல் அவர் தம் தாய்நாட்டின் மேற்குப் பகுதியிலுள்ள குகைகளில் மிகச் சிறிய வாவல் ஒன்றைக் கண்டெடுத்தார். அதனை உலகிற்கு விளக்கும் முன்னரே, 1974-இல் அவர் உயிர் நீத்தார். அவ்வாவலை ஆராய்ந்த ஆங்கில அறிஞர் ஹில், அதே ஆண்டில் அதற்குக் கிட்டியின் பெயரையே சூட்டினார். உலகிலுள்ள வாவல்களுள் மிகச் சிறியது அது. 3 சென்டிமீட்டர் நீளமும், ஏறத்தாழ 2 கிராம் எடையும் உடையது.

பெயர் கிடைத்த பின்னரும், சலீம் அலி வாவல் எளிதிற் காட்சி தரவில்லை. ஹட்டன் அனுப்பிய அந்த ஓர் உடலைத் தவிர வேறு சான்று நெடுங்காலம் கிடைத்திலது. இவ்வினம் மறைந்து போயிற்றோ என்ற கவலையும் எழுந்தது. 1993-இல் ஆராய்ச்சியாளர் மேகமலைப் பகுதியில் அதனை உயிருடன் மீண்டும் கண்டனர். பின்னர், தெற்கே களக்காடு–முண்டந்துறைக் காடுகளிலும், கேரளத்தைச் சேர்ந்த பெரியாற்றுக் காடுகளிலும் அது காணப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியே அதன் தாயகம். அம்மலைத்தொடரை விட்டால், உலகில் வேறெங்கும் அதற்கு இடமில்லை. இராயகிரியின் மேற்கே தோன்றும் மலைகள், வடக்கே மேகமலைக்கும் தெற்கே முண்டந்துறைக்கும் இடையே இணைப்பாக நிற்பவை.

சலீம் அலி வாவலின் தலையும் உடலும் சேர்ந்து 10 அல்லது 11 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். முன்கை 7 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தலையில் கருமை கலந்த பழுப்பு மயிரும், வயிற்றுப் புறத்தில் சாம்பல் கலந்த பழுப்பு மயிரும் அமைந்திருக்கும். சிறகின் தோல் வெளிறிய பழுப்பு நிறமுடையது. உள்ளங்கையில் அடங்கத்தக்க இச்சிற்றுயிர், பகற்பொழுதைக் குகைகளிலும் பாறை இடுக்குகளிலும் கழிக்கும். இருள் சூழ்ந்தபின் காட்டுக்குள் இரை தேடிச் செல்லும். காட்டத்தியின் கனிகளும், உருத்திராக்க இனத்தைச் சேர்ந்த மரங்களின் கனிகளும் அதற்கு உணவாகும்.

இவ்வாவல் நாடும் காடு எத்தகையது? தென்மேற்குப் பருவக்காற்று ஆனி, ஆடி மாதங்களில் மலையின் மேற்புறத்தே பெருமழை பொழியும். அக்காற்று கணவாய் வழியே கடக்கும்போது குற்றாலத்தில் சாரல் வீசும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று கீழ்ப்புறத்தை நனைக்கும். இவ்விரு மழையும் பெறும் மலைச்சரிவுகளில் இலையுதிராத பசுமைக் காடுகள் செழித்துள்ளன. அடிவாரத்தில் முட்புதரும் உலர் காடும், அதற்கு மேலே இலையுதிர் காடு, நடு உயரத்திலும் ஈரம் தங்கும் பள்ளத்தாக்குகளிலும் பசுமைக் காடு, உச்சியில் புல்வெளி. இங்ஙனம் மலை ஏறஏறக் காட்டின் இயல்பு மாறுகின்றது. சலீம் அலி வாவல் பெரிதும் வாழ்வது நடு உயரத்துப் பசுமைக் காட்டிலேயே. காட்டை ஒட்டிய காப்பி, ஏலத் தோட்டங்களுக்கும் அது வருவதுண்டு. பழமரங்களும் நிழல் மரங்களும் அங்கு எஞ்சியிருப்பதே அதற்குக் காரணம்.

ஆண்டு முழுதும் ஏதேனும் ஒரு மரம் பழுத்திருந்தால்தான் பழந்தின்னி வாவல் உயிர் வாழ இயலும். ஒரு மரம் பழுத்து ஓய்ந்தால், அடுத்த மரத்தை நாடவேண்டும். பற்பல வகை மரங்கள் பற்பல காலங்களிற் கனியும் பழங்காட்டிலேயே அது கைகூடும். ஒரே வகை மரத்தை வரிசையாக நட்டு வளர்த்த தோட்டத்தில் அது கைகூடாது. பகலில் தங்குவதற்கு அமைதியான குகையும் அருகில் இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த இடங்கள் மிகச் சிலவே.

காட்டினால் வாழும் வாவல், காட்டையும் வாழவைக்கின்றது. அது பழத்தைக் கடித்துச் சாற்றைப் பருகிச் சக்கையை உமிழும். அத்திப்பழத்தின் நுண்ணிய விதைகள் வயிற்றினுட் சென்று விரைவில் எச்சத்துடன் வெளிப்படும். பறவைகள் பெரும்பாலும் கிளையில் அமர்ந்தே எச்சமிடும். வாவலோ பறந்துகொண்டே எச்சமிடும் இயல்புடையது. ஆதலால், மரமற்ற வெளியிலும், சரிந்து வெறுமையான நிலத்திலும் விதை விழுகின்றது. பெரிய விதையுள்ள பழத்தை அது வாயிற் கவ்வி வேறு மரத்திற்குக் கொண்டுசென்று, தசையைத் தின்று விதையைக் கீழே போடும். தாய்மரத்தின் நிழலில் முளைத்து நலிய வேண்டிய விதை, இங்ஙனம் தொலைவிற் சென்று வேரூன்றுகின்றது. பூவை நாடி வரும் வாவல்கள் மகரந்தத்தையும் சுமந்து செல்கின்றன. களக்காட்டு மலைகளிலுள்ள வெடிப்பலா மரம் இரவில் மலர்வது. அதன் மலர்களை நாடி வாவல்களும் பிற மரவாழ் பாலூட்டிகளும் வருகின்றன. கூலி பெறாத தோட்டக்காரர் என வாவலைக் கூறுதல் மிகையன்று.

அக்காடு மழை நீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துச் சிறிது சிறிதாக ஓடைகளில் விடுகின்றது. ஓடை வற்றாதிருந்தால் குளம் நிறையும்; குளம் நிறைந்தால் வயல் விளையும். அடிவாரத்து உழவன் உண்ணும் சோற்றில், அவன் கண்டறியாத மலைக்காட்டு வாவலுக்கும் ஒரு பங்கு உண்டு.

இத்தகைய உயிருக்கு நேர்ந்துள்ள இடர்கள் பல. தேயிலைக்கும் காப்பிக்கும் ஏலத்திற்கும் எனக் காடுகள் பல ஆண்டுகளாகத் திருத்தப்பட்டன. எஞ்சிய காடுகள் துண்டுதுண்டாயின. குகைகளில் மக்கள் புகுந்து தீமூட்டுவதாலும் ஆரவாரம் செய்வதாலும் வாவல்கள் உறைவிடத்தைக் கைவிடுகின்றன. இறைச்சிக்காகவும், நோய் தீர்க்கும் என்ற நம்பிக்கையாலும் அவற்றைப் பிடிப்பாரும் உளர். வாவல் பெரும்பாலும் ஓர் ஈற்றில் ஒரு குட்டியே ஈனும். எலியைப் போலப் பல குட்டிகளை ஈன்று விரைவிற் பெருகும் ஆற்றல் அதற்கில்லை. ஒரு குகையிலுள்ள கூட்டம் அழிந்தால், அவ்விழப்பை ஈடுசெய்யப் பல ஆண்டுகள் ஆகும். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் சலீம் அலி வாவலை அழியும் இடருக்கு உட்பட்ட இனமாக வகுத்துள்ளது.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பழந்தின்னி வாவல்களைக் காக்கையோடும் எலியோடும் சேர்த்துத் தீங்கு விளைக்கும் விலங்குகளின் அட்டவணையில் வைத்திருந்தது. பின்னர் சலீம் அலி வாவல், உயரிய பாதுகாப்புப் பெறும் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. இவ்வாவல் தனி இனம் என்று அறியப்படாமல் இருந்திருப்பின், இப்பாதுகாப்பு அதற்குக் கிட்டியிராது. எங்கும் உள்ள குறுமூக்கு வாவலாகவே கருதப்பட்டு அழிந்திருக்கும். 2022-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், தீங்கு விலங்குகள் என்னும் அவ்வட்டவணையையே நீக்கிவிட்டது. 1988-இல் களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகமும், 2021-இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமும் அமைக்கப்பட்டன. புலிக்கென வகுத்த காட்டில் வாவலும் காவல் பெறுகின்றது.

வாவலைக் கண்டு அஞ்சுவோர் இன்று பெருகியுள்ளனர். 2018-இல் கேரளத்தின் கோழிக்கோட்டுப் பகுதியில் நிபா என்னும் கொடிய நோய் தோன்றிப் பலர் மாண்டனர். பெரிய பழந்தின்னி வாவல்களிடம் அந்நோயின் நச்சுயிரி காணப்படுகின்றது. எனவே, வாவல் கடித்த பழத்தை உண்ணலாகாது. வாவலை, உயிருடன் இருப்பினும் இறந்து கிடப்பினும், வெறுங்கையால் தொடலாகாது. அவை உறையும் குகையினுள் நுழையலாகாது. இவ்வளவே செய்யத்தக்கன. அச்சத்தால் மரங்களை வெட்டுவதும் வாவல்களைக் கொல்வதும் நன்மை தாரா. உறைவிடம் இழந்த வாவல்கள் வேறு வழியின்றி மக்கள் வாழும் இடங்களை நாடும்; அச்சம் மிகுமேயன்றிக் குறையாது. தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில், ஆலமரத்து வாவல்கள் வெருளும் எனத் தீபாவளி நாளிலும் வெடி வெடிக்காது காக்கும் மக்கள் இன்றும் உள்ளனர். தொலைவில் நின்று காத்தல் என்னும் இம்முறையே இருவர்க்கும் நலம் பயப்பது.

பேழையுள் கிடந்த ஓர் உடலை மீண்டும் ஒருமுறை கூர்ந்து நோக்கியதால், ஓர் இனம் உலகிற்குத் தெரியவந்தது. நம் மலைக்காடுகளில் இன்னும் பெயரறியப்படாத உயிர்கள் பல இருத்தல் கூடும். எழுதி வைத்த பெயரை ஏற்பதோடு நில்லாது, பொருளையே நேரில் ஆராயும் பழக்கம் மாணவர்க்கு வேண்டும். மாலையில் தம் ஊர்த் தோப்பின்மீது பறக்கும் வாவலைக் கண்டால், அதன் நிறம் யாது, எம்மரத்தை நாடுகின்றது, எந்நேரத்தில் புறப்படுகின்றது என்பவற்றை ஏட்டில் குறித்து வைத்தல் வேண்டும். நாளடைவில் அக்குறிப்புகளே அறிவாக வளரும்; அவ்வறிவே அருளுக்கும் வழிகாட்டும்.